மனமுவந்து இறங்குதல் குறித்து மச்சானுக்கு

மேனாம்பேடு,
சனிக்கிழமை, ஜெபா மீன் வாங்கப் போயிருக்கும் நேரம்.

ஆண்டவருக்குள் பிரியமானவரும், பேசினாலும் பேசாவிட்டாலும் என் மரியாதைக்கு உரியவருமான மச்சான் திரு. அருள் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஜெபாவின் வீட்டுக்காரன் இருதயராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருவரும் கர்த்தருடைய கிருபையால் சுகம். பட்டாபிராமில் தாங்களும் அக்காவும் தங்கள் மகன் அபிஷேக்கும் அவ்வாறே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், விசாரிக்க வழியில்லை. போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். சபை வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டீர்கள். காலையில் எல்லோருக்கும் வருகிற வசனம்கூட எனக்கு வருவதில்லை, ஜெபாவின் போனைக் கெஞ்சி வாங்கிப் படிக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறையிலிருந்தும் என் பெயரை அடித்திருக்கிறீர்கள். ஜெபாவிடம் சொல்லி அனுப்பலாம் என்றால் அவள், "உங்க சண்டையில என்னைத் தபால்காரியாக்காதீங்க. எனக்கு அண்ணனும் வேணும், நீங்களும் வேணும், ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவேதான் இந்தக் கடிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கடிதம் அல்ல. மன்னிப்புக் கேட்கும்படி நான் எதுவும் செய்யவில்லை. தங்களிடமிருந்து எனக்கு ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். இத்துடன் வைத்திருக்கும் அனுமதிக் கடிதத்தில், 'செயலர்' என்று அச்சடித்த இடத்துக்கு மேலே, தாங்கள் வழக்கமாகப் போடும் அந்த நீளமான கையெழுத்து. அது இல்லாவிட்டால் என் பி.எச்டி. பதிவு இந்த மாதக் கடைசியோடு போய்விடும். அடுத்த சேர்க்கைக்குக் காத்திருக்கலாம் என்றால் அதற்குள் நான் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். ஆக, என் கழுத்து இப்போது தங்கள் பேனா முனையில் இருக்கிறது. ஆனாலும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நியாயத்தைத் தாங்களே பாருங்கள்.

தாங்கள் ஊர் முழுக்கச் சொல்வதுபோல நான் இந்த ஆராய்ச்சியைத் தங்களைக் கவிழ்க்க ஆரம்பிக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பர்சனல் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். என்ன வேலை? மெமோ எழுதுவது, சுற்றறிக்கை எழுதுவது, மேனேஜர் மேடையில் பேசும் பேச்சை எழுதுவது. எல்லாவற்றின் மேலும் 'கையொப்பத்திற்காக' என்று ஒரு சீட்டைக் குத்தி மேஜையில் வைத்துவிட்டு வெளியே நிற்பது. எழுதியது முழுக்க நான், கையெழுத்து முழுக்க வேறு யாரோ. முப்பது வருஷம் இப்படியே போயிற்று. ரிட்டயர் ஆன அன்று சால்வை போட்டு, ஒரு பாராட்டுரை வாசித்தார்கள், அதையும் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து, என் பெயர் போட்ட ஒரு காகிதமாவது இந்த உலகத்தில் இருக்கவேண்டும் மச்சான் என்று எனக்குத் தோன்றியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகையே வந்தது. அதனால்தான் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருக்கிற இறையியல் கல்லூரியில், கிறிஸ்தவத் தலைமைத்துவத் துறையில் போய் விண்ணப்பம் போட்டேன். பென்ஷனை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் என்று தாங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

என் நெறியாளர் டாக்டர் நிவேதிதா, வயதில் அபிஷேக்கைவிட நாலைந்து வருஷம்தான் மூத்தவராக இருப்பார், ஆனால் முன்னால் நின்றால் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது. "சார், 'தலைமைத்துவம்'னா கடல். நீங்க ஒரு டம்ளர் எடுங்க" என்றார். நான் எடுத்த டம்ளர் இதுதான்: 'சென்னை மேற்குப் புறநகர்த் திருச்சபைகளில் தலைவர்கள் பதவியிலிருந்து மனமுவந்து இறங்குதல்: ஓர் ஆய்வு.' இந்தத் தலைப்பைக் கேட்டதுமே தாங்கள், "யாரைச் சொல்றான்னு எனக்குத் தெரியும்" என்றீர்களாம். மச்சான், ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் எத்தனை சபை, எத்தனை செயலர், எத்தனை நாற்காலி! அத்தனையும் இருக்கும்போது தங்களுக்கு மட்டும் ஏன் உறைக்கவேண்டும்? பட்டாபிராமில் வீடு கட்டிக் குடிபோன பிறகும் மேனாம்பேடு சபையின் செயலர் பதவியை விடாமல், ஞாயிறுதோறும் லோக்கல் ரயில் பிடித்து அம்பத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வந்து அறிவிப்பு வாசித்துவிட்டுப் போகிறீர்கள். அது தங்கள் பக்தி. அதை நான் ஆராய்ச்சியில் எங்கேயும் எழுதவில்லை. அடிக்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது, பெயர் போடவில்லை.

இனி அந்தப் பாழாய்ப்போன ஞாயிறுக்கு வருகிறேன். பதிவுக்கான ஆய்வு முன்மொழிவை நிபுணர் குழுவிடம் விளக்கிப் பேசுவதற்கு முன்னால், கேள்வித்தாளை ஒரு சின்னக் கூட்டத்திடம் கொடுத்துச் சோதிக்கவேண்டும் என்பது விதி. நிவேதிதா அம்மா, "உங்க சர்ச்சிலேயே கொடுத்துப் பாருங்க சார்" என்றார். ஆய்வு ஒழுங்குக்கும் விதிகள் உண்டு. பதில் சொல்பவர் தன் பெயரை எழுதக்கூடாது. பதில் ரகசியமாக இருக்கவேண்டும். மடித்து மூடிய பெட்டியில் போடவேண்டும். தாளின் தலையில் ஆய்வாளர் பெயர் தெளிவாக இருக்கவேண்டும். எல்லாவற்றையும் அப்படியே கடைப்பிடித்தேன். நான் விதிப்படி நடக்கிறவன், அதில்தான் வந்தது வினை.

கேள்வித்தாளை அடிக்க நம் தெருமுனை ஜெராக்ஸ் கடை திருமுருகனிடம் கொடுத்தேன். சபைக்கு வேண்டிய எல்லாம் அவன்தான் அடிப்பான் என்பது தெரிந்ததுதானே. முன்பொரு முறை தங்களை எதிர்த்து யாரோ நிற்கப்போவதாகச் சொல்லி, ஓட்டுச்சீட்டெல்லாம் அடித்த பிறகு அவர் பின்வாங்கிப் போனாரே, அந்த ஓட்டுச்சீட்டு அவன் கம்ப்யூட்டரில் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் கொடுத்த தாளைப் பார்த்ததும், 'பெயர் எழுதவேண்டாம், ரகசியம் காக்கப்படும், மடித்துப் பெட்டியில் போடவும்' என்றிருந்ததைப் படித்துவிட்டு அவனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். வாங்கப் போனபோது, "இன்னா சார், எலீக்சன் வந்துகினு கீது, ஒரு வார்த்த சொல்லவேயில்லியே! போன தபா மாரியே அம்சமா போட்டுக்கீறேன் பாரு" என்றான். பார்த்தேன். முதல் பக்கத்தின் உச்சியில் 'ஆய்வாளர்: ஞா. இருதயராஜ்' என்று கொட்டை எழுத்தில் என் பெயர். அதற்குப் பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம். ஓரத்தில் கிழித்துக் கொடுக்க வரிசை எண்ணோடு ஒரு துண்டு. "அப்பா, இது ஆராய்ச்சிப்பா" என்றேன். "இருக்கட்டும் சார், ஒண்ணியும் ஆவாது, நீதான் ஜெயிப்ப" என்றான். திரும்ப அடிக்க நேரமில்லை. கட்டம்தானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று எடுத்து வந்துவிட்டேன். இதுதான் நான் செய்த ஒரே காரியம். இதற்குச் சதி என்று பெயர் வைத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அன்று ரயில் பாதையில் ஏதோ வேலை என்று தங்கள் வண்டி தாமதம். நல்லவேளை என்று நினைத்தேன், தாங்கள் வருவதற்குள் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று. ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயாவிடம் அனுமதி வாங்கித் தாளைக் கொடுத்தேன். பெட்டிக்கு எங்கே போவது? பீரோ மேலே இருந்த பழைய தேர்தல் பெட்டியைத் தூசி தட்டி வைத்தேன். அவ்வளவுதான் மச்சான், சபையின் முகமே மாறிவிட்டது. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்கள். புருஷன் எட்டிப் பார்த்தால் பெண்டாட்டி முறைக்கிறாள். பாடகர் குழு அங்கியோடு வரிசையில் நிற்கிறது. ஒருவர் அடையாள அட்டையைக் காட்டுகிறார், இன்னொருவர் விரலை நீட்டிக்கொண்டு, மை எங்கே என்கிறார். யார் போன் அடித்துச் சொன்னார்களோ, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் தலைகாட்டுகிற குடும்பங்கள் முகப்பேரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கி, "முடிஞ்சிடுச்சா, இருக்கா?" என்று ஓடி வருகிறார்கள். இது ஆராய்ச்சி, இது ஆராய்ச்சி என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பெண்கள் ஐக்கியத் தலைவி பொன்னியம்மா என் கையைப் பிடித்து, "அண்ணாத்தே, நீ நிக்கிறேன்னு முன்னாடியே சொல்லிருந்தா நாங்க ஊடு ஊடாப் போய் வேல செஞ்சிருப்போம்ல! பரவால்ல, வுடு, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அவர்கள் பார்த்துக்கொண்டது போதுமென்று ஆயிற்று.

தாங்கள் உள்ளே நுழைந்த நேரத்தில் பொன்னியம்மா பெட்டியை பெஞ்சில் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார். தாள் எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே டிக். இருப்பதே ஒரே பெயர்தானே மச்சான், வேறு எங்கே அடிப்பார்கள்? ராத்திரி பகலாக நான் யோசித்து எழுதிய கேள்விகள், 'தலைமை மாற்றம் குறித்துத் தங்கள் சபை கடைப்பிடிக்கும் நடைமுறை யாது' முதலானவை, ஒருவர்கூடத் தொடவில்லை. ஒரே ஒரு தாளில் மட்டும் கீழே ஒரு கருத்து எழுதியிருந்தது. 'நல்ல மனிதர், ஆனால் மைக் கிடைத்தால் விடமாட்டார்.' அது யார் என்று கண்டுபிடிக்கக்கூடாது என்பது ஆய்வு ஒழுங்கு. கையெழுத்தைப் பார்த்தால் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை என்று தோன்றுகிறது, அது இருக்கட்டும். தாங்கள் பெட்டியைப் பார்த்தீர்கள், தாளைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். "இருதயம், நீயா?" என்று மட்டும் கேட்டீர்கள். அதற்கு நான் ஆமாம் என்று சொன்னது, கேள்வித்தாள் என்னுடையதுதான் என்கிற அர்த்தத்தில். அதை விளக்குவதற்குள் தாங்கள் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டீர்கள்.

அன்று மாலையே குழுவில் தங்கள் ராஜினாமா வந்தது. தப்பாக நினைக்கக்கூடாது, தங்கள் ராஜினாமா நமக்குப் புதிதல்ல. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகையை ஒட்டித் தாங்கள் ராஜினாமா செய்வீர்கள். நாங்கள் சாத்துக்குடி ஆப்பிள் வாங்கிக்கொண்டு பட்டாபிராம் வருவோம். அக்கா காபியும் முறுக்கும் கொடுப்பார்கள். தாங்கள், "வேற யாராவது வரட்டும்யா, எனக்கு முடியல" என்பீர்கள். நாங்கள் விடமாட்டோம். கடைசியில் போதகர் ஐயா ஜெபம் பண்ண, அது தேவசித்தம் என்று தாங்கள் தலையசைப்பீர்கள். அந்தப் பழத்தை நானே எத்தனை முறை சுமந்திருக்கிறேன்! இந்த முறை மட்டும் யாரும் வரவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் கூப்பிடுவார் என்று இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தங்கள் வீட்டில் அக்கா அந்த வாரம் முழுக்க முறுக்கு சுட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்ததாக அபிஷேக் சொன்னான். அதைக் கேட்டு எனக்கு மனம் கஷ்டப்பட்டது. மைக் அறைச் சாவியும் தங்களிடமே இருப்பதால் போன ஞாயிறு போதகர் ஐயா மைக் இல்லாமல் கத்திப் பிரசங்கம் செய்தார். தொண்டை போனதால் சீக்கிரம் முடித்துவிட்டார். சபையார் அதையும் எதிர்பாராத ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த நிலைமையில்தான் போன புதன்கிழமை நான் நிபுணர் குழுவின் முன்னால் போய் நின்றேன். கோட்டு தைக்கவில்லை, அபிஷேக்கின் கல்யாண நிச்சயத்துக்குத் தைத்த சஃபாரிதான். நடுவில் உட்கார்ந்திருந்தவர் பேராசிரியர் ரகுநாதன். ஆய்வு முறையில் பெரிய ஆள், வெளியிலிருந்து வரவழைத்திருந்தார்கள், நம் சபைப் பழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. என் முன்மொழிவை நகத்தால் புரட்டிக்கொண்டே, "சார், 'மனமுவந்து'ங்கறதை எதை வச்சு அளப்பீங்க?" என்றார். "யாரும் தள்ளாமல் இறங்கினால் மனமுவந்து, ஐயா" என்றேன். "சரி, அப்படி இறங்கினவங்க எத்தனை பேரைப் பேட்டி எடுக்கப் போறீங்க?" என்றார். இங்கேதான் எனக்கு வேர்த்தது. ஏனென்றால், மச்சான், அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை ஒவ்வொரு சபையாக ஏறி இறங்கிவிட்டேன், ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. ஒருவர் இறங்கினார் என்றார்கள், விசாரித்தால் காலமாகிவிட்டார். இன்னொருவர் மகள் பேறுகாலத்துக்கு வெளிநாடு போனவர், அங்கிருந்தே வீடியோவில் கமிட்டி நடத்துகிறார். உண்மையைச் சொல்லிவிட்டேன், இதுவரை யாரும் கிடைக்கவில்லை என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைத்தான் ஆராயப் போறீங்களா?" என்றார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியாது. "ஐயா, இது இறையியல் கல்லூரி. இங்கே எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?" என்றேன்.

பின்னாலிருந்து "ஆமென்!" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பொன்னியம்மாவும் பெண்கள் ஐக்கியமும் வேன் வைத்து வந்து கடைசி வரிசை முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் சால்வை. ஜெபா என்ன செய்திருக்கிறாள் என்றால், எனக்குத் தெரியாமல் ஜெபக்குறிப்பு கொடுத்திருக்கிறாள், புதன்கிழமை என் வீட்டுக்காரருக்குப் பெரிய சோதனை, ஜெபத்தில் தாங்கிக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் தாங்கிக்கொள்ள நேரிலேயே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் வாய் திறந்து மூடினால் போதும், ஆமென். "கோட்பாட்டுச் சட்டகம் மூன்றாம் அத்தியாயத்தில் வரும், ஐயா." தோத்திரம்! "பேட்டிக்கான மாதிரி ஆட்களை அதிகப்படுத்த முயல்வேன், ஐயா." அல்லேலூயா! ரகுநாதன் சார் ஒரு கேள்வி கேட்பதும், கடைசி வரிசையைப் பார்ப்பதும், குரலைத் தாழ்த்திக்கொள்வதுமாக இருந்தார். கடைசியில், "தலைப்பை மாத்திக்கலாமே, 'பதவியிலிருந்து ஓய்வு'ன்னு பொதுவா" என்று தன்மையாகத்தான் சொன்னார். "மாட்டேன்" என்றேன். நிவேதிதா அம்மா மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார். மிதிக்கட்டும். "ஐயா, முப்பது வருஷம் மற்றவர்கள் திருத்தியதையெல்லாம் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த ஒன்றில் ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன். பதவியிலிருந்து ஒருவன் மனமுவந்து இறங்க முடியும் என்று நான் நம்புகிறேன். அப்படி ஒருவன்கூட இல்லை என்று தெரியவந்தால், அதையும் என் பெயர் போட்டு எழுதிவைத்துவிட்டுத்தான் சாவேன்" என்றேன். கடைசி வரிசையில் ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டார்கள். ரகுநாதன் சார் என் முன்மொழிவை மூடிவைத்துவிட்டு, "சரி சார், பண்ணுங்க" என்றார்.

முன்மொழிவு ஏற்கப்பட்டது, மச்சான். ஏற்கப்பட்டது! பொன்னியம்மா அங்கேயே சால்வையைப் போட்டு, "டாக்டர் அண்ணாத்தே!" என்று கூப்பிட, இன்னும் டாக்டர் இல்லை, இப்போதுதான் ஆரம்பம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அடுத்த நாள் பார்த்தால் திருமுருகன் கடை வாசலில் என் படத்தோடு ஃபிளெக்ஸ். அதில் 'முனைவர்' என்று வேறு போட்டிருக்கிறான். அதைக் கழற்றச் சொல்லிவிட்டேன். சாயங்காலம் கழற்றுவான்.

ஆனால் குழு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. ஆய்வு நடக்கும் சபையின் செயலர் எழுத்துமூலம் அனுமதி தரவேண்டும். பார்த்தீர்களா, கடைசியில் எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்! அபிஷேக் மூலம் கேட்டதற்கு, "நான்தான் ராஜினாமா பண்ணிட்டேனே, செலக்ட் ஆனவனையே போடச் சொல்லு" என்றீர்களாம். ராஜினாமா கமிட்டியில் ஏற்கப்படும்வரை செயலர் தாங்கள்தான், பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்தவன் சொல்கிறேன், சட்டம் எனக்குத் தெரியும். அந்தப் பதவிமேல் எனக்கு ஒரு துளி ஆசையும் கிடையாது. ஆராய்ச்சியாளன் ஆராய்கிற பொருளைத் தொடக்கூடாது என்பது முதல் பாடம். அந்த நாற்காலியைத் துடைக்கச் சொன்னால்கூட நீளத் துடைப்பம் கேட்பேன். பொன்னியம்மா தினமும் வந்து நச்சரிக்கிறார், வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிடுகிறேன். தாங்கள் கையெழுத்துப் போடுங்கள். போட்ட மறுநாளே சாத்துக்குடியும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு சபையைத் திரட்டி முதல் ஆளாக நான் வந்து நிற்கிறேன். ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். என்றைக்கும் தாங்கள்தான் செயலர். நான் சொன்ன சொல் மாறாதவன்.

போடமாட்டேன் என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள். எனக்கு ஆத்திரம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஜெபாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிகிற வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தாங்கள்தான். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. பிளாஸ்க் மூடியில் காபியை ஊற்றி ஊற்றி நீட்டிக்கொண்டே இருந்தீர்கள், அவ்வளவுதான். அந்த மனிதர் என்னோடு பேசாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. கையெழுத்து போனாலும் போகட்டும், போனையாவது எடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. அபிஷேக்கின் கல்யாணக் காரியம் தடையில்லாமல் கூடிவர தினமும் ஜெபிக்கிறோம். பட்டாபிராம் வீட்டுக்கும் வீட்டாருக்கும் எந்தத் தீங்கும் அணுகாமல் ஆண்டவர் காக்கட்டும், தங்கள் சர்க்கரை அளவு இறங்கட்டும், பேனாவில் மை வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் தங்கை புருஷனாகவே இருக்கும்,
ஞா. இருதயராஜ்
ஆய்வு மாணவன் (தங்கள் கையெழுத்துக்கு உட்பட்டு)

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பொன்னியம்மாவும் கமிட்டி முழுவதும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தங்கள் ராஜினாமா இன்று காலை கமிட்டியில் ஏற்கப்பட்டதாம். என்னைச் செயலராக இருக்கச் சொன்னார்கள். மனதார மறுத்தேன். மறுபடியும் சொன்னார்கள். மறுபடியும் மறுத்தேன், முதல் தடவை அளவுக்குச் சத்தமாக இல்லை என்று ஜெபா சொல்கிறாள். திருமுருகன் ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து கொடுத்திருந்தான், 'ஞா. இருதயராஜ், செயலர்' என்று. மேஜைமேல் அனுமதிக் கடிதம் விரித்தபடி கிடந்தது. பேனா எழுதுகிறதா என்று பார்க்கத்தான் வைத்தேன், மச்சான். கையெழுத்து எவ்வளவு அழகாக விழுந்தது தெரியுமா! ஸ்டாம்பையும் ஒரு தடவை குத்திப் பார்த்தேன், கீழே என் பெயரே அச்சாகி இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே தங்கள் கையெழுத்து இனித் தேவைப்படாது, சிரமப்பட வேண்டாம்.

நிவேதிதா அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர், "சார், அப்ப தலைப்பையாவது மாத்துங்க" என்றார். ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று சொன்னவன்தான், ஆனால் இது ஒரு எழுத்து அல்லவே, முழுத் தலைப்பு. 'திருச்சபைத் தலைமைத்துவத்தில் தொடர்ச்சியின் அவசியம்' என்று மாற்றியிருக்கிறேன். ரகுநாதன் சாரும், "இதுக்கு மாதிரி ஆளுக்குப் பஞ்சமே இருக்காது சார்" என்று சந்தோஷப்பட்டாராம். முதல் பேட்டி தங்களிடம்தான், இந்தத் துறையில் தங்களைவிட அனுபவசாலி எனக்கு யார் கிடைப்பார்? பதவி எனக்கு நிரந்தரமில்லை. ஆராய்ச்சி முடிந்த மறுநாளே மனமுவந்து இறங்கிவிடுவேன். அது எப்போது முடியும் என்று இப்போதே சொல்வதற்கில்லை, அவசரப்பட்டுச் செய்கிற காரியமில்லை இது.

அபிஷேக் மீன்குழம்பு சாப்பிட வந்திருக்கிறான், தபாலுக்குப் பதில் அவன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவனிடம் மைக் அறைச் சாவியைத் தயவுசெய்து இன்றே கொடுத்துவிடவும். நாளைக்கு அறிவிப்பு நான்தான் வாசிக்கிறேன்.